தண்ணிக்குள்ள போற மெட்டல் டிடெக்டர்: வாங்கின உடனே பில்டும் பெர்ஃபார்மன்ஸும் எப்படி டெஸ்ட் பண்றது?

அலையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் யோசிச்சு ஒரு அண்டர்வாட்டர் மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டேன், விஎல்எஃப் மல்டி ஃப்ரீக்வென்சி டைப் (ரொம்ப கம்மி ஃப்ரீக்வென்சி அலைகள்ல பலத ஒண்ணா அனுப்பித் தேடறது), பெட்டில ஐபி68, 5 மீட்டர் வரைக்கும்னு போட்டிருக்கு. இன்னும் தண்ணியே காட்டல. திருப்பிக் குடுக்கற கெடு முடியறதுக்குள்ள இது உருப்படியான மிஷினான்னு தெரிஞ்சுக்கணும், அதான் கொஞ்சம் அவசரமா கேக்கறேன்.

வீடியோ எல்லாம் பாத்தா காயிலுக்கு (கீழ இருக்கற, உலோகத்தத் தேடற சுருள் தட்டு) முன்னாடி காத்துல ஒரு காச ஆட்டிட்டு இத்தன இன்ச்ல புடிக்குது பாருங்கன்னு முடிச்சுடறாங்க. தண்ணி உள்ள ஏறுமா ஏறாதா, உப்புத்தண்ணில சத்தம் போடாம ஓடுமா, இதப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. எந்த எடத்துலதான் வழக்கமா லீக் ஆகும், அத மிஷின நாசம் பண்ணாம எப்படி முன்கூட்டியே கண்டுபுடிக்கறது? 5 மீட்டர்னு போட்டிருந்தா 5 மீட்டர் வரைக்கும் தைரியமா முங்கலாமா?

எனக்கு பெரும்பாலும் இடுப்பளவு தண்ணி வேலைதான், ஏரியும் உண்டு கடலும் உண்டு, யாராச்சும் மோதிரம் செயின் தொலைச்சா தேடிக் குடுக்கறது. அப்பப்ப ஸ்நார்க்கல் மாட்டிக்கிட்டு கொஞ்சம் கீழயும் போவேன்.

ஓரிங்காரன்:

நல்ல கேள்வி நண்பா, நனைக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நான் பில்ட் பக்கம் மட்டும் சொல்றேன், சிக்னல் விஷயத்த சுருள்கம்பி அண்ணன் வந்து சொல்லட்டும், அவர் அளவுக்கு எனக்குத் தெரியாது.

மொதல்ல அந்த ஐபி68. அது ஐஇசி 60529ங்கற ஸ்டாண்டர்ட்ல வர்ற குறியீடு, 6ன்னா தூசி உள்ள போகாது, 8ன்னா 1 மீட்டருக்கு மேல தொடர்ந்து முங்கியிருந்தாலும் தாங்கும், ஆனா எத்தன மீட்டர் எவ்வளவு நேரம்ங்கறத கம்பெனியே சொல்லிக்கும். டெஸ்ட் பண்றது நல்ல தண்ணில, பொருள் அசையாம கெடக்கும். கடல்ல நீங்க காயில வீசறீங்க, அலை வந்து அடிக்குது, மணல் தேய்க்குது, உப்பு அரிக்குது, இது எதுவும் அந்த நம்பர்ல கெடையாது. அதனால 5 மீட்டர்னு போட்டத நான் 2, 3 மீட்டர் மிஷின்னுதான் எடுத்துப்பேன். உங்க இடுப்பளவு வேலைக்கு தாராளம், ஸ்நார்க்கல் போட்டு லேசா முங்கறதுக்கும் ஓகே, சிலிண்டர் கட்டிட்டு போறதுக்கு இது இல்ல.

ஆழத்துல என்ன நடக்குதுன்னா, 10 மீட்டருக்கு ஒரு அட்மாஸ்பியர் கூடுது, அப்ப 5 மீட்டர்ல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய அரை கிலோ அழுத்தம். உங்க டிஸ்ப்ளே 10க்கு 5 சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க, அந்த கண்ணாடி மேல மட்டும் 25 கிலோ உக்காருது. டிஸ்ப்ளே ஓரத்த கட்டவிரலால அமுத்திப் பாருங்க, லேசா உள்ள போயிட்டு வந்தா நான் அந்த மிஷின நம்ப மாட்டேன். மெம்பரேன் பட்டன் (மேல மெல்லிசு பிளாஸ்டிக் தோல் போட்டது) இருக்கற மாடல்ல ஆழம் போகப் போக பட்டன் தானா அமுங்கிக்கிட்டு மோட் மாறிப்போறதும் உண்டு, அதையும் மொதல்ல கம்மி ஆழத்துல வச்சுப் பாத்துக்குங்க.

லீக் எங்க ஆகும்னா, கண்ட்ரோல் பாக்ஸ், அதாவது டிஸ்ப்ளே இருக்கற பெட்டி, அதோட உடம்புல ரொம்ப அபூர்வம். ஒயர் உள்ள நுழையற எடம், சார்ஜிங் மூடி, பேட்டரி மூடி, ஹெட்ஃபோன் கனெக்டர், இந்த நாலு எடத்த ஒரு லென்ஸ் வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஓ-ரிங் (மூடில தண்ணி ஏறாம தடுக்கற ரப்பர் வளையம்) மேல ஒரு முடியோ ஒரு மணலோ குறுக்க கெடந்தா போதும், அந்த வழியா தண்ணி ஏறிடும். ஓ-ரிங்க கூரான எதையும் வச்சு நோண்டாதீங்க, பிளாஸ்டிக் கார்டு மூலையால எடுங்க, அது உக்கார்ற காடியையும் (பள்ளம்) தொடைங்க, சிலிகான் கிரீஸ் லேசா மினுமினுக்கற அளவுக்கு மட்டும் தடவுங்க. கிரீஸ் அடைக்கறதுக்கு இல்ல, ரப்பர் வழுக்கி சரியா உக்கார்றதுக்குத்தான், அப்பி வச்சா மணலத்தான் புடிச்சு வைக்கும். ஓ-ரிங்கே சிலிகான் ரப்பர்ல செஞ்சதா இருந்தா சிலிகான் கிரீஸ் அத ஊத வச்சுடும், அதனால மேனுவல்ல என்ன சொல்லியிருக்குன்னு பாத்துக்குங்க. வாசலின் வேணாம், சில வகை ரப்பர கெடுத்துடும்.

இப்ப முக்கியமான டெஸ்ட். மிஷின ரூம் சூட்டுல வச்சுட்டு, ஒரு டப்புல அதவிட வெதுவெதுப்பான தண்ணி, 40 டிகிரி தாண்டாம எடுத்து கண்ட்ரோல் பாக்ஸ மட்டும் ஒரு சாண் ஆழத்துல முக்கிப் புடிங்க. உள்ள இருக்கற காத்து சூடாகி விரியும், ஓட்டை இருந்தா காத்து வெளிய வரும், தண்ணி உள்ள போகாது, அதான் இந்த டெஸ்ட்டோட அழகு. அதுக்காகத்தான் ஒரு சாண் மட்டும்னு சொல்றேன், ஆழமா முக்கினா வெளி அழுத்தம் ஜெயிச்சுடும். மொதல்ல மேல ஒட்டியிருக்கற குமிழ எல்லாம் கையால தொடச்சு விட்டுடுங்க. ரப்பர் மூடிக்கு அடியில மாட்டியிருந்த காத்து கொஞ்சம் வந்துட்டு நின்னுடும், அது பிரச்சினை இல்ல. ஒரே புள்ளில இருந்து மெதுவா, நிக்காம, வரிசையா குமிழ் வந்துக்கிட்டே இருந்தா உடனே எடுத்து தொடச்சு திருப்பி அனுப்பிடுங்க. சில மாடல்ல அழுத்தம் சமன் பண்றதுக்குன்னு சின்னதா ஒரு வென்ட் சவ்வு வச்சிருப்பாங்க, அங்க குமிழ் வந்தா தப்பா நெனைக்காதீங்க, அத ஊசியால குத்தவும் கூடாது. டெஸ்ட் முடிஞ்சதும் நேரா குளிர்ந்த தண்ணில போட்றாதீங்க.

ஏன்னா அதே விஷயம் தலகீழா நடந்தாதான் ஆபத்து. வெயில்ல இல்ல கார்ல கெடந்து பெட்டி சூடாகி, 57 டிகிரில இருந்து 27 டிகிரி தண்ணிக்குள்ள டக்குனு போச்சுன்னா உள்ள இருக்கற காத்தோட அழுத்தம் 9 சதவீதம் கொறையுது, அது கிட்டத்தட்ட 1 மீட்டர் ஆழம் கூடுதலா போன மாதிரி. முழங்கால் தண்ணிலயே லீக் ஆயிடுச்சுன்னு சொல்றாங்களே, அதுல நெறைய கேஸ் இதுதான்னு என் எண்ணம். எறங்கறதுக்கு முன்னாடி ஈரத்துணி போட்டு நெழல்ல ஆற விட்டுட்டு எறங்குங்க.

மணல்திட்டு:

ஓரிங்காரன் சொன்னதோட ஷாஃப்டையும் பாருங்க. கரையில ஸ்ட்ராங்கா தெரியற கம்பி தண்ணில வீசும்போது முறுக்கிக்கும், ஏன்னா காயில் மேல தண்ணி தள்ளற விசை காத்த விட ரொம்ப அதிகம். ரெண்டு கையால காயில ஒரு பக்கம் ஹேண்டில ஒரு பக்கம் புடிச்சு திருகிப் பாருங்க, மூட்டுல ஆட்டம் இருந்தா அந்த ஆட்டம் போகப் போக கூடும், கொறையாது. லாக் எல்லாத்தையும் மணல் கலந்த தண்ணில முக்கிட்டு தொறந்து மூடுங்க, காஞ்ச நெலமைல நல்லா இருக்கற லாக் மணல் பட்டா சிக்கிக்கும்.

அப்பறம் காயில தண்ணிக்குள்ள கொண்டுபோய் கைய விடுங்க. மெதுவா கீழ எறங்கணும், அதுதான் சரி. மேல மெதந்து வந்தா மணிக்கணக்கா அத அமுக்கிக்கிட்டே இருக்கணும், மணிக்கட்டு போயிடும். கல்லு மாதிரி எறங்கினாலும் தூக்கித் தூக்கி ஓஞ்சு போவீங்க. நடுவுல ஓட்டை விட்ட காயில்னா தண்ணி ஊடால போயிடும், வீச சுலபம், மூடின தட்டு மாதிரி இருக்கறது இழுக்கும்.

சுருள்கம்பி:

கூப்பிட்டாச்சு, வந்துட்டேன். பெர்ஃபார்மன்ஸ் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் ஆளுங்க ஏமாந்து போறாங்க.

காத்துல பண்ற டெஸ்ட்ல தெரியறது ஒன்னே ஒன்னுதான், மிஷின் உயிரோட இருக்கு. சின்ன பொருளுக்கு காயில் அனுப்பற காந்தப்புலம் தூரத்தோட மூணாம் அடுக்குல கொறையுது, அந்தப் பொருள் திருப்பி அனுப்பறதும் அதே மாதிரி கொறையுது, ரெண்டும் சேந்தா ஆறாம் அடுக்கு. தூரம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64ல ஒரு பங்கு. அதனால ரெண்டு மடங்கு ஆழத்துல புடிக்கும்னு யாராச்சும் விளம்பரம் பண்ணா நம்பாதீங்க, நல்ல மிஷினுக்கும் சுமாரான மிஷினுக்கும் சுத்தமான மணல்ல வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். உண்மையான வித்தியாசம் எங்கன்னா, உப்புத்தண்ணில எவ்வளவு அமைதியா ஓடுதுங்கறதுல.

கடல்தண்ணி கரெண்ட் கடத்தும், லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, குடிதண்ணிய விட நூறு மடங்குக்கும் மேல கடத்தும். காயிலச் சுத்தி இருக்கற அவ்வளவு தண்ணியும் ஒரு பெரிய மெல்லிசான உலோகம் மாதிரி பதில் சொல்லும், அந்த பதில் வர்றது கரெக்டா அலுமினியத் தாளும் மெல்லிசு தங்கமும் வர்ற எடத்துல. உப்ப அடக்கணும்னு மிஷின் அந்த ஏரியாவ வெட்டினா மெல்லிசு தங்கமும் சேந்து போயிடும். நீங்க தேடறதே செயினும் மோதிரமும்ங்கறதால இது உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒத்த ஃப்ரீக்வென்சி மிஷின் ஈர உப்பு மணல்ல தடுமாறறதுக்கு காரணமும் இதுதான், ரெண்டு மூணு ஃப்ரீக்வென்சி ஒண்ணா போகும்போது எது உப்போட பதில் எது உலோகத்தோட பதில்னு கழிச்சுப் பாக்க முடியும்.

டெஸ்ட் இப்படிப் பண்ணுங்க. டார்கெட் முன்னாடியே தயார் பண்ணி ஒவ்வொன்னையும் ஒரு பிளாஸ்டிக் அட்டைல ஒட்டி நைலான் கயிறு கட்டிடுங்க, தொலையாது. ஒரு காசு, ஒரு மெல்லிசு மோதிரம், ஒரு செயின், ஒரு இரும்பு ஆணி, குளிர்பான கேனோட இழுக்கற வளையம். தங்கத்த கடல்ல பொதைக்க மனசு வராது, அலுமினியத் தாள சுருட்டி மோதிரமா செஞ்சுக்குங்க, சின்ன தங்க மோதிரத்துக்கு ஓரளவு கிட்ட வரும். வளையம் முழுசா மூடியிருக்கணும், ஒரு எடத்துல வெட்டிட்டு மறுபடி பாருங்க, சிக்னல் பாதாளத்துக்கு போயிடும், ஏன்னா சுத்தி ஓட வேண்டிய கரெண்ட் அறுந்துபோச்சு. செயின் விஷயமும் அதான், மிஷின் முழு செயினப் பாக்காது, ஒவ்வொரு கண்ணியாத்தான் பாக்கும், அதனால கனமான செயின் கூட கொக்கியத் தவிர சத்தமே இல்லாம இருக்கலாம். இத டெஸ்ட் பண்ணும்போதே தெரிஞ்சு வச்சுக்கிட்டா பின்னாடி மிஷின் மேல பழி போட மாட்டீங்க.

மொதல்ல ஏரி. நாய்ஸ் கேன்சல் போட்டு (வெளிய இருந்து வர்ற மின் எரைச்சல ஒதுக்கறது), கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணி (மண்ணோட பதில கழிக்கறது), சென்சிடிவிட்டிய, அதாவது எவ்வளவு நுணுக்கமா கேக்குதுங்கற அளவ, தொடர்ந்து கிசுகிசுன்னு கத்த ஆரம்பிக்கற வரைக்கும் ஏத்தி ரெண்டு படி எறக்கி அந்த நம்பர எழுதி வையுங்க. அடுத்து கடல், பீச் மோடுக்கு மாத்திட்டு அதே வேலை, அதே டார்கெட், அதே ஆழம். ஏரில 22ல ஓடினது கடல்ல 18ல ஓடினா அருமை, 10க்கு எறக்கினாத்தான் அடங்குதுன்னா அந்த மிஷின் கடலுக்கு லாயக்கில்ல. இந்த நம்பர் உதாரணத்துக்குத்தான், ஒவ்வொரு மாடல்லயும் அளவு வேற. ரொம்ப கஷ்டமான எடம் அலை ஏறி எறங்கற விளிம்பு, காயில் ஒரு நொடி தண்ணிக்குள்ள ஒரு நொடி வெளிய, அங்க கண்டிப்பா டெஸ்ட் பண்ணுங்க, அங்க தாக்குப்புடிச்சா மத்த எடத்துல கவலையே வேணாம். வீட்டுல டப்புல உப்பு கரைச்சு பாக்கலாம்தான், சத்தம் போடுதான்னு தெரியும், ஆனா சுத்தி அத்தன தண்ணி இல்லாததால முழுக் கதையும் தெரியாது.

இன்னொன்னு, கூட வர்ற ஆளவிட்டு நீங்க பாக்காதப்ப பொதைக்கச் சொல்லுங்க, சில எடத்துல வெறும் குழி தோண்டி மூடச் சொல்லுங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சா காது தானா சிக்னல கேட்டுடும். வெறும் குழிக்கு எத்தன தடவை கத்துதுங்கறதும் பெர்ஃபார்மன்ஸ்தான்.

இழுக்கற வளையம் தொல்லையா இருக்குன்னு டிஸ்கிரிமினேஷன்ல (வேணாத உலோகத்துக்கு சத்தம் வராம அடக்கற செட்டிங்) தூக்கிடாதீங்க, மிஷின் காட்டற அதோட ஐடி நம்பரும் தங்க மோதிரத்தோட ஐடியும் ஒன்னு மேல ஒன்னு விழும். எல்லாத்தையும் தோண்டத்தான் வேணும்.

அலையோரம்:

அண்ணே, இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், கூட வந்த ஹெட்ஃபோன் ப்ளூடூத், அதுவும் வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கு. முங்கும்போது மாட்டலாமா?

சுருள்கம்பி:

தலை வெளிய இருக்கற வரைக்கும் வேலை செய்யும், முங்கினா கட் ஆயிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைய தண்ணி குடிச்சுடும், உப்புத்தண்ணில சில சென்டிமீட்டர் கூட தாண்டாது. முங்கறதுக்கு ஒயர் வச்ச வாட்டர்ப்ரூஃப் ஹெட்ஃபோன் தனியா வாங்கணும், இல்ல ஹேண்டில் அதிர்ற வசதி இருந்தா அத வச்சு ஓட்டலாம். எக்ஸ்பி டியூஸ் 2 மாதிரி காயிலும் ரிமோட்டும் ஒயர் இல்லாம பேசிக்கற மிஷின்ல கூட தண்ணிக்குள்ள போறதுக்குன்னு ஒரு ஆன்டெனா ஒயர் கட்டித்தான் ஆகணும்.

நீர்க்காக்கை:

நான் சிலிண்டர் கட்டிட்டு போற ஆளு, அதனால என் பார்வை கொஞ்சம் வேற. நெஜமாவே ஆழத்துக்கு செஞ்ச மிஷின்கள் வேற ரகம். கேரட் சீ ஹண்டர் மார்க் 2, மைன்லேப் எக்ஸ்காலிபர் 2 எல்லாம் 200 அடி, ஃபிஷர் சிஇசட்-21 250 அடி. இதுல டிஸ்ப்ளேயே இருக்காது, திருகற நாபும் சுவிட்சும்தான், ஹெட்ஃபோன் ஒயர் பெட்டிக்குள்ளயே நிரந்தரமா சீல் பண்ணியிருப்பாங்க அல்லது அதுக்குன்னு செஞ்ச கனெக்டர் இருக்கும். ஓட்டை எவ்வளவு கம்மியோ லீக் ஆக வழி அவ்வளவு கம்மி. வாங்கும்போது வசதி அதிகமா இருக்கற மிஷின் மேலதான் கண்ணு போகும், ஆழத்துக்கு போற ஆளு எதெல்லாம் இல்லைன்னு பாக்கணும்.

இதுல சீ ஹண்டர் பிஐ, அதாவது பல்ஸ் இண்டக்‌ஷன் வகை, மத்த ரெண்டும் ஒன்னுக்கு மேற்பட்ட ஃப்ரீக்வென்சி. பிஐ ஒரு பல்ஸ் அனுப்பிட்டு கொஞ்சம் பொறுத்து கேக்கும். உப்புத்தண்ணியோட பதில் சீக்கிரமே அடங்கிடும், உலோகத்தோடது கொஞ்சம் நீடிக்கும், அதனால உப்பும் கருப்பு மணலும் (இரும்புத் தாது கலந்தது) இருக்கற எடத்துல பிஐ மாதிரி அமைதியா ஓடறது வேற இல்ல. ஆனா ரொம்ப நேரம் பொறுத்துக் கேட்டா மெல்லிசு தங்கத்தோட பதிலும் அதுக்குள்ள அடங்கிப் போயிருக்கும். இரும்பையும் பிரிச்சுச் சொல்லாது, கொண்டை ஊசிக்கும் கத்தும் மோதிரத்துக்கும் கத்தும். ஏரி அடியில இரும்புக் குப்பை கெடக்கற எடத்துல பிஐ வச்சுக்கிட்டு நாள் முழுக்க ஆணி பொறுக்கிட்டு இருக்கணும். அலையோரம் சொல்ற வேலைக்கு அவர் வாங்கின டைப்தான் சரி, மாத்த வேணாம்.

முங்கி டெஸ்ட் பண்ணும்போது உங்க மேல இருக்கற உலோகத்தையும் கணக்குல எடுங்க, இடுப்புல ஈய எடை, கத்தி, கொக்கி, காயில் காலுக்கு பக்கத்துல வந்தா அதுவே சிக்னல் குடுக்கும். மூச்சடக்கி முங்கறவங்க தனியா போகவே கூடாது, மேல ஒரு ஆளு கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டு இருக்கணும். குண்டு மாதிரி துருப்புடிச்சு எதாச்சும் தட்டுப்பட்டா தொடாம எடத்த அடையாளம் வச்சுட்டு வெளிய வந்து அதிகாரிகளுக்கு சொல்லுங்க. பழைய கப்பல் உடைஞ்ச எடத்துல கை வைக்காதீங்க, நூறு வருஷம் தண்ணிக்குள்ள கெடந்தத யுனெஸ்கோவோட 2001 உடன்படிக்கை பாரம்பரியச் சொத்துன்னுதான் சொல்லுது, அந்தந்த நாட்டு சட்டம் இன்னும் கடுமையா இருக்கும்.

அலையோரம்:

டெஸ்ட் பண்ணிட்டேன். வெதுவெதுப்பான தண்ணி டெஸ்ட்ல சார்ஜிங் மூடிகிட்ட கொஞ்சம் குமிழ் வந்து நின்னுடுச்சு, வேற எங்கயும் இல்ல. டிஸ்ப்ளே அசையல. நடு லாக் மணல்ல கொஞ்சம் சிக்குது, கழுவினா சரியாகுது. கடல்ல ஏரிய விட 3 படி எறக்கினா அமைதியாயிடுது, அலுமினிய வளையம் ஒரு சாண் ஆழத்துல தெளிவா கேட்டுச்சு, அலை விளிம்புலயும் சமாளிச்சுடுச்சு. ஆனா ஒரு விஷயம் உறுத்துது, வீசற ரெண்டு ஓரத்துலயும் திரும்பும்போது சின்னதா ஒரு கீச்சு சத்தம், கல்லுல காயில் தட்டினாலும் வருது. டார்கெட் எதுவும் இல்ல, தோண்டிப் பாத்துட்டேன். ஏரிலயும் வருது அதனால உப்பு இல்லைன்னு தோணுது. இது பழுதா?

சுருள்கம்பி:

உப்பு இல்லைன்னு சரியாத்தான் கணிச்சிருக்கீங்க. பெரும்பாலும் ரெண்டு காரணம்தான் இருக்கும். ஒன்னு, காயில் அடியில மாட்டற கவருக்குள்ள மணலும் தண்ணியும் போய் மாட்டியிருக்கும், வீசும்போது அது பக்கத்துக்கு பக்கம் ஓடும், கருப்பு மணல்னா இன்னும் மோசம். கவர கழட்டி கழுவி காய வச்சுட்டு, கவர் இல்லாம கொஞ்ச நேரம் வீசிப் பாருங்க. ரெண்டாவது, காயில் ஒயர் ஷாஃப்ட்ல தொளதொளன்னு சுத்தியிருந்தா திரும்பும்போது தண்ணி அத இழுத்து ஆட்டும், அந்த ஆட்டமே சிக்னல் ஆயிடும். ஒயர இறுக்கமா சுத்தி வெல்க்ரோ போட்டுடுங்க, காயில் மடங்கற எடத்துல மட்டும் கொஞ்சம் தொய்வு விடுங்க, இல்லாட்டி ஒயர் காயில்ல நுழையற எடம் நாளடைவுல விரிசல் விடும்.

இது ரெண்டும் பண்ணியும் சத்தம் போகலைன்னா, காயில அசையாம ஒரு மரப்பலகை மேல வச்சுட்டு, பக்கத்துல உலோகம் எதுவும் இல்லாம பாத்துக்கிட்டு, ஒயர மட்டும் விரலால ஆட்டுங்க. மொதல்ல காயில் நுழையற எடத்துல, அப்பறம் பெட்டில மாட்டற கனெக்டர்கிட்ட. எங்க ஆட்டும்போது கத்துதோ அங்கதான் கோளாறு. கனெக்டர்னா காய வச்சு மறுபடி இறுக்கிப் பாருங்க. காயில் நுழையற எடம்னா உள்ள பூசியிருக்கற எப்பாக்ஸி பிசின் சரியில்ல, அது உங்களால சரி பண்ண முடியாது, கெடு முடியறதுக்குள்ள திருப்பிடுங்க.

ஓரிங்காரன்:

ஒன்னே ஒன்னு சேத்துக்கறேன். சார்ஜ் போடறதுக்கு முன்னாடி, மூடி எல்லாம் மூடின நெலமைல நல்ல தண்ணில அலசி, தொடச்சு, மூடியத் தொறந்து அந்த கான்டாக்ட் பின்ன காஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு அப்பறம் சார்ஜர் மாட்டுங்க. உப்பு ஈரத்தோட கரெண்ட் சேந்தா பின் பச்சை பூத்து அரிச்சுடும், லீக்கே ஆகாத மிஷின் கூட அப்படி செத்துப்போகும். மூடிகிட்ட வந்த குமிழ் நின்னுடுச்சுன்னு சொன்னீங்க, இருந்தாலும் அந்த ஓ-ரிங்க எடுத்து காடி சுத்தம் பண்ணிட்டு மறுபடி அதே டெஸ்ட் போடுங்க. இந்த தடவை குமிழே வரலைன்னா இடுப்பளவு தண்ணில கவலைப்படாம எறங்கலாம்.